இரண்டாவது சட்டி

கருவாட்டின் மேல் ஊற்றிய வெந்நீர் கலங்கி ஓரத்தில் நுரை கட்டியது. திலகவதி அதைக் கொட்டினாள். இன்னும் இரண்டு தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர் போதும் என்று துண்டுகளை அள்ளிக் குழம்பில் போட்டாள். பிறகு கல்லுப்பு ஜாடிக்குள் கையை விட்டாள். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அள்ளியதில் பாதியை ஜாடியிலேயே உதறிவிட்டு மீதியைப் போட்டாள். பாதி குறைத்தது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

பின்பக்க வேலிக்கு அந்தப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டெய்சி எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, கருவாடா? வாசனை எங்க வூட்டு ஹால்ல வந்து சேர் போட்டு உக்காந்துகினு இருக்கு."

"வாளை. நேத்து குறிஞ்சிப்பாடிச் சந்தைல வாங்குனது. உனக்கும் ஒரு கிண்ணம் வச்சிருக்கேன்."

"எனக்கு வைக்கிறது இருக்கட்டும். அண்ணனுக்கு ஆகாதேக்கா. கல்யாண வூட்டுக்குக்கூட அவருக்குன்னு டப்பா தூக்கிகினு வருவீங்க. பந்தில எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க."

"இந்த வெயிலப் பாத்தியா? மைன்ஸுக்குள்ள எறங்குனா வேர்த்து ஊத்துது. உடம்புல உள்ள உப்பெல்லாம் போயிருது. கொஞ்சமாவது போடணும்ல."

"அதுவும் சரிதான். கடைசி மாசம், ஆசைப்பட்டதச் சாப்பிடட்டும்."

திலகவதி சட்டென்று திரும்பினாள். "கடைசி மாசமா?"

"ரிட்டயர்மென்ட்டச் சொன்னேன்க்கா. வேற என்னா?"

"ஆமா. முப்பத்தொண்ணாந் தேதி" என்றாள் திலகவதி.

அன்று மே பன்னிரண்டு. இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன. காலண்டரைப் பார்க்காமலே அது அவளுக்குத் தெரியும்.

திலகவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. சாத்தூர் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். கணவர் கருப்பசாமி சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர். பழுப்பு நிலக்கரியைச் சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். இருபத்தொன்றாம் பிளாக்கில் அவர்கள் இருப்பது மூன்றாவது குவார்ட்டர்ஸ். முந்தைய இரண்டும் இதைவிடச் சிறியவை. ஒரே மகன் அருண்பிரசாத்.

பிளாக்கில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. நான்கரை வருடத்துக்கு முன் ஒரு காலையில் கருப்பசாமி குளியலறையில் விழுந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள். அவள் அம்மிக் குழவியால் கதவை உடைத்தாள். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ரத்தக் கொதிப்பு இருநூற்றைத் தாண்டியிருந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"மாத்திரையை நான் குடுத்துடறேன். உப்பு உங்க கையிலதாம்மா இருக்கு."

அன்றே மெயின் பஜாருக்குப் போய் சின்ன எவர்சில்வர் சட்டி ஒன்று வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டி. பெரியதில் மற்றவர்களுக்கு, சின்னதில் உப்பில்லாமல் அவருக்கு. சாம்பார் இரண்டு, ரசம் இரண்டு, பொரியல் இரண்டு. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் இரண்டு. மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும் வரை எதிரே நிற்பாள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் வீட்டுக்குள் வரவில்லை. "திலகவதியக்கா மாதிரி பாத்துக்க ஆள் வேணும்" என்று மற்ற வீடுகளில் ஆண்கள் சொன்னார்கள். அது அவள் காதுக்கு வந்தபோதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் கண்டிப்பானாள்.

அருண்பிரசாத்துக்கு இருபத்தேழு வயது. டிப்ளமா படித்து, அப்ரண்டிஸ் முடித்து, ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தான். அப்பாவின் பெல்ட்டிலேயே இன்னொரு முனையில் வேலை. அப்பா பஸ்ஸில் போவார், அவன் பைக்கில் போவான். காலையில் ஒரே வாசலிலிருந்து இரண்டு ஹெல்மெட்டுகள் கிளம்பும். சம்பளம் வரும் நாளில் வித்தியாசம் தெரியும். அதைவிட, பெண் பார்க்கப் போனால் தெரியும். விருதுநகரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பா போனில் பத்து நிமிடம் மழை, பயிர் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"பையன் பர்மனென்ட்டுங்களா, கான்ட்ராக்டுங்களா?"

கருப்பசாமி உண்மையைச் சொன்னார். பெண்ணின் அப்பா மறுபடி மழையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடம் வந்த இன்னொரு ஜாதகமும் அப்படியே போனது.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், அதே வரிசையில் மூன்றாவது வீட்டு செங்குட்டுவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே இறந்துபோனார். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. திலகவதி அன்று முழுவதும் அங்கேயே இருந்தாள். செங்குட்டுவன் மனைவி தேவயானிக்குத் தண்ணீர் கொடுத்து, தலையை முடிந்துவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போட்டாள். சவம் எடுப்பதற்கு முன் பெண்கள் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"போனவரு போனாரு. பையனுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போனாரு."

நான்கைந்து தலைகள் அசைந்தன. திலகவதியின் தலையும் அசைந்தது.

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் வாரிசுக்கு வேலை கிடைக்கும், ரிட்டயர்ட் ஆன மறுநாள் இறந்தால் கிடைக்காது என்பது அந்தத் தெருக்களில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எல்லோருக்கும் கிடைத்ததில்லை. கிடைத்தவர்களின் பெயர்கள் மட்டும் நினைவில் இருந்தன. மாசி மாதத்தில் செங்குட்டுவனின் மகன் ஹரியும் அந்தப் பெயர்களில் ஒன்றானான்.

தேவயானி மைசூர்பாகைத் தட்டில் வைத்துத் துண்டால் மூடிக் கொண்டுவந்தாள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவளைப் போலச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"ஹரிக்கு ஆர்டர் வந்துடுச்சு. இனிப்புக் குடுக்கறதா வேண்டாமான்னு தெரியல. குடுக்காம இருந்தாலும் தப்பாப் பேசுவாங்க."

"இதுல என்ன தப்பு. அண்ணன் ஆசீர்வாதம்" என்றாள் திலகவதி.

"மூணு மாசம் அலைஞ்சான். சாதிச் சான்று பழசு, புதுசா வாங்கிட்டு வான்னுட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடை. எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வச்சிருந்தேன், அதனால தப்பிச்சோம்."

"அந்தத் தாள் இருக்கா?"

கேட்டபிறகுதான் கேட்டது திலகவதிக்குத் தெரிந்தது. தேவயானி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"எதுக்கு?"

"அருணுக்குக் கல்யாணம், காட்சி, வடக்குத்துல கட்டியிருக்கிற வீட்டுக்கு அட்ரஸ் மாத்தறது, எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் வேணும்ல. என்னென்ன வாங்கி வைக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

மறுநாள் தேவயானி தாளைக் கொடுத்துவிட்டாள். திலகவதி அதைப் பார்த்து ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். தேவயானியின் தாளில் முதல் வரி இறப்புச் சான்று. இரண்டாவது வாரிசுச் சான்று. மூன்றாவது சாதிச் சான்று. பிறகு மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, ஆதார், போட்டோ எட்டு. முதல் வரி தங்களுக்குத் தேவையில்லாதது என்பதால் திலகவதி அதை எழுதவில்லை. வாரிசுச் சான்று என்பதை எழுதிவிட்டு, அடிக்கலாமா என்று யோசித்து, தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டாள். எண்களைப் பார்த்தபடியே எழுதியதால் அவளுடைய பட்டியல் இரண்டில் தொடங்கியது.

அந்த மாதத்திலேயே அருணைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிப் புதிய சாதிச் சான்று வாங்கவைத்தாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. போட்டோவும் எட்டு எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போய், பீரோவின் மேல் உட்கார்ந்தது.

மைசூர்பாகு வந்த அன்று மாலையே அவளுக்கு முழங்கால் வலித்தது. வலி பொய் இல்லை. இரண்டு வருடமாக இருக்கிற வலிதான். இரண்டு சட்டி வைத்து நிற்க முடியவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் ஒரே சட்டியில் சாம்பார் வைத்தாள். உப்பை வழக்கத்தில் முக்கால் போட்டாள். கருப்பசாமி முதல் வாயை வாங்கி, மென்று, தட்டைப் பார்த்தார்.

"இன்னைக்கு சாம்பார் நல்லாருக்கே."

அவளுக்குக் கண் கலங்கியது. நான்கரை வருடமாக மண்ணைத் தின்கிற மாதிரி தின்றிருக்கிறார், ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மனுஷனை வாட்டுவது என்று நினைத்தாள். மறுநாளும் ஒரே சட்டி. ஒரு வாரம் கழித்துச் சின்னச் சட்டியைப் பின்புறம் செம்பருத்தியடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கக் கொண்டுபோய் வைத்தாள். வெயில் தொடங்கிவிட்டது, குருவிகள் பாவம்.

பங்குனியில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நின்றது.

"என்னங்க, மாத்திரை டப்பா ஜன்னல்ல இருக்கு. நீங்களே பாத்து எடுத்துக்குங்க. சின்னப் பிள்ளையா, வாயில ஊட்டறதுக்கு?"

"சரி" என்றார் கருப்பசாமி. அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி ஒரு வருடமாக அவருக்கு ஜெனரல் ஷிப்ட். மதியச் சாப்பாட்டைக் கேரியரில் கட்டிக்கொடுப்பாள். முன்பெல்லாம் கேரியரில் பாதி சோறு திரும்பி வரும். இப்போது நான்கு அடுக்கும் துடைத்த மாதிரி வந்தன. அவள் அடுக்குகளைத் திறந்து பார்த்து, நாம் செய்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். வடகம் பொரித்து வைத்தாள். மாவடு வாங்கினாள். வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது மட்டும் அவர் குழம்பைத் தொட்டுக்கொள்கிற அளவுக்கு ஊற்றிக்கொண்டு மோரை நிறைய விட்டுச் சாப்பிட்டார். மோரில் உப்புப் போட வந்தால் கையால் தட்டை மூடினார்.

"மத்தியானம் ஃபுல்லாச் சாப்பிட்டேன் திலகா. போதும்."

செவ்வாய்க்கிழமைகளில் அவள் வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போவாள். நான்கரை வருடமாக, இவருக்கு ஆயுசைக் கொடு என்று கேட்டு வந்தவள். அந்த வருடம் சித்திரையில் வேண்டுதலின் வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருந்தன. எது நடந்தாலும் அவருக்கு வலி இல்லாமல் நடக்கணும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் திருநீறை அவருக்கென்று தனியாக மடித்து எடுத்துவந்தாள்.

மே இருபத்திரண்டு, விடுமுறை நாள். ரிட்டயர்ட் ஆனபிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்தில் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். கருப்பசாமி பரண்மேலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தவர் அதன்மேலேயே உட்கார்ந்தார். எழவில்லை. முகம் இரண்டு நாளாகவே கொஞ்சம் ஊதியிருந்தது. இப்போது உதட்டோரம் வெளுத்திருந்தது.

அருண் ஓடிவந்தான். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. தல சுத்துது. வெயிலு."

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் ஆட்டோ கூப்பிடறேன்."

திலகவதி சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா அட்மிட் ஆகுன்னுவாங்க. ஒரு வாரம் படுக்க வச்சிருவாங்க. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. முப்பத்தொண்ணாந் தேதி மாலை போடக் கூப்பிடும்போது இவரு பெட்ல இருந்தா நல்லாவா இருக்கும்? முப்பத்து நாலு வருஷத்துல கடைசி வாரம் சிக் லீவுன்னு எழுதணுமா?"

"உடம்பு முக்கியமா, மாலை முக்கியமாம்மா?"

"எல்லாம் முக்கியம்தான். வெயில்ல நின்னா யாருக்கும் வர்றதுதான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சுத் தர்றேன், சரியாப் போயிரும்."

"அப்பா, போலாமாப்பா?" என்று அருண் இரண்டாவது தடவை கேட்டான். குரல் முதல் தடவையைவிடக் குறைவாக இருந்தது. கருப்பசாமி மகனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

"உங்கம்மா சொல்றது சரிதான். ஒண்ணாந் தேதி போய்க்கலாம்."

அருண் மூன்றாவது தடவை கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தான்.

அவள் எலுமிச்சைச் சாறில் சீனியும் உப்பும் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். கருப்பசாமி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டார்.

"சீனி மட்டும் போட்டுக் குடேன்."

"உப்புப் போட்டாத்தான் தெம்பு வரும். பேசாமக் குடிங்க."

குக்கர் விசில் அடித்தது. அவள் போய்விட்டு வந்தபோது அவர் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். டம்ளர் காலியாக இருந்தது. செம்பருத்தியின் அடிமண் ஒரு கையளவு ஈரமாக இருந்தது. குருவித் தண்ணீரை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு டம்ளரை வாங்கிக் கழுவினாள்.

மறுநாளிலிருந்து அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார். ஒவ்வொரு சாயங்காலமும் நாலே முக்காலுக்கு பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்வரை அவள் எந்த வேலையிலும் கை வைக்கவில்லை. போன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்தாள். அவ்வளவு பயம் இருந்தது. அந்தப் பயத்தை அவள் டெய்சியிடமும் சொன்னாள்.

"எதாவது ஆயிருமோன்னு ஒவ்வொரு நாளும் பக்கு பக்குன்னு இருக்கு டெய்சி."

"உங்கள மாதிரி யாருக்கா புருஷன நெனச்சுக் கவலப்படறா. எங்க வூட்டுக்காரரு லேட்டா வந்தா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள் டெய்சி.

முப்பத்தொன்றாம் தேதி நாலே முக்காலுக்கு பஸ் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் பட்டாசுச் சத்தம் கேட்டது. தொழிற்சங்கத்து வேனில் முன்சீட்டில் கழுத்து மறைகிற அளவு மாலையும் தோளில் சால்வையுமாகக் கருப்பசாமி உட்கார்ந்திருந்தார். பின்னால் செக்ஷன் ஆட்கள் பதினைந்து பேர். ரிட்டயர்ட் ஆகிறவரைக் கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரை கொண்டுவந்து மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போவது அங்கே வழக்கம். திலகவதி ஆரத்தி எடுத்தாள். குங்குமத் தண்ணீர் கொஞ்சம் அவர் சட்டையில் சிந்தியது.

"இந்தாங்க அண்ணி, முழுசாக் கொண்டாந்து சேத்துட்டோம்" என்றான் டெய்சியின் புருஷன் பிராங்க்ளின். அவனும் அந்த செக்ஷன்தான். "ஒரு பார்ட்டு குறையல. எண்ணிப் பாத்துகினு கையெழுத்து போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாலில் பாய் விரித்து இலை போட்டார்கள். காலையிலிருந்து அவளும் டெய்சியும் தேவயானியும் சேர்ந்து சமைத்திருந்தார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், வடை, பாயசம். அருண் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான்.

பிராங்க்ளின் வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இதான். இந்த டேஸ்ட்டுதான். அண்ணி, நாளையிலேர்ந்து எங்க கதி என்னா?"

"ஏன், என்ன?" என்றாள் திலகவதி.

"மூணு மாசமா எங்க செக்ஷனுக்கு மதியச் சாப்பாடு உங்க வூட்டுலேர்ந்துதான? அண்ணன் கேரியரத் திறந்து நடுவுல வச்சிடுவாரு. நாங்க நாலு பேரும் பாஞ்சிடுவோம். அன்னிக்கு அந்த வாளைக் கருவாட்டுக் கொழம்புக்கு எனக்கும் செபாஸ்டினுக்கும் அடிதடியே ஆயிப்போச்சு."

"அப்ப அவரு?"

"அண்ணனா? கேன்டீன்ல ரெண்டு இட்லி, ஒரு கப் வெறுந்தயிரு. தெனமும் அதேதான். கேட்டா, 'வீட்டுல ஆசையாச் செய்றா, வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவா, நீங்க தின்னுங்கடா'ன்னுவாரு. உப்பு ஆகாதுல்ல அவருக்கு."

செபாஸ்டின் என்பவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "மாவடு சூப்பருங்க" என்றார்.

அருண் ஊற்றிக்கொண்டிருந்த டம்ளர் நிறைந்து வழிந்து இலையில் ஓடியது. "தம்பி, போதும் போதும்" என்றார் அந்த இலைக்காரர். தேவயானி வடைத் தட்டோடு சுவர் ஓரம் நின்றவள் திலகவதியைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். திலகவதி எல்லோரையும் போலச் சிரித்தாள்.

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு கரண்டி சேத்து வச்சிருப்பேனே" என்றாள்.

கருப்பசாமி தன் இலையில் பாயசத்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அருண் வேனுடன் தெருமுனை வரை போனவன் திரும்பி வரவில்லை. ஹாலில் மாலை நாற்காலியில் தொங்கியது. கருப்பசாமி சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார். அவள் எச்சில் இலைகள் கிடந்த இடத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எத?"

"கேரியர் விஷயத்த."

அவர் சால்வையை மடித்து முடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நீ ஆசையாத்தான செஞ்ச."

"ஆமா" என்றாள் அவள். "ஆசையாத்தான் செஞ்சேன்."

"அதான்."

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். தண்ணீரைப் பின்பக்கம் கொட்டப் போனவளை அவர் குரல் நிறுத்தியது.

"திலகா. நாளைலேர்ந்து பழையபடி ரெண்டு சட்டி வச்சிரு."

"சரிங்க" என்றாள்.

மறுநாள் ஜூன் ஒன்று. கருப்பசாமி வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தார். குளித்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். அருண் ஏழு மணிக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான். திலகவதி செம்பருத்தியடியிலிருந்த சின்னச் சட்டியை எடுத்தாள். அடியில் பாசி பிடித்திருந்தது. புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாள். குருவிக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தாள்.

ஒன்பது மணிக்கு இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டம் இருந்தது. பதினொன்றே காலுக்கு டாக்டர் பார்த்தார். ரத்தக் கொதிப்பு நூற்று எழுபதுக்கு நூறு. வீங்கியிருந்த காலை அழுத்திப் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். உப்பு குறைத்துச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். "வீட்டுல பாத்துக்கறாங்க" என்றார் கருப்பசாமி. பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

மதியம் பெரிய சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு, சின்னச் சட்டியில் உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்பு. கருப்பசாமி சின்னச் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு படுத்தார். டெய்சி கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேலிக்கு வந்தாள்.

"என்னாக்கா, இன்னிக்கு வாசனையே இல்ல?"

"இனிமே அவருக்கு வெயில்ல வேலை இல்லையே. வேர்வையும் போகாது. உப்பு எதுக்கு? நேத்தோட நிறுத்திட்டேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் டெய்சி.

மூன்று மணிக்குத் திலகவதி பீரோ மேலிருந்த ஃபைலை எடுத்துக் கருப்பசாமியின் ரிட்டயர்மென்ட் ஆர்டரை அதில் வைத்தாள். இரண்டில் தொடங்கும் பட்டியல் இருந்த தாளை வெளியே எடுத்தாள். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. வடக்குத்து வீட்டுக்கு வாங்க வேண்டியவற்றை அதில் எழுதினாள். குழாய், பல்ப் ஆறு, கொசுவலை, பாத்ரூமுக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரி தாழ்ப்பாள்.

நாலரைக்கு அருண் வந்தான். கைகால் கழுவிவிட்டுத் தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். குழம்பில் உப்பே இல்லை என்றான். அது அப்பாவுடையது, பெரிய சட்டியில் எடுத்துக்கொள் என்றாள்.